வாசகர் கேள்வி: காற்றைப் பார்த்துச் சுடுவது எப்படி?

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன் ஐயா. .22 ரைஃபிளில் (குழல் விட்டம் 0.22 அங்குலம்) 50 மீட்டர் படுத்துச் சுடும் பயிற்சி எடுக்கிறேன். விடிகாலையில் குண்டுகள் நடுவில் விழுகின்றன. வெயில் ஏறிக் காற்று கிளம்பியதும் சிதறிப் போகின்றன. அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் மண்ணைத் தூவித்தான் காற்றைப் பார்ப்பார்கள் என்கிறார் தாத்தா. எனக்கு அது உதவுமா?
- கல்லூரி மாணவர், காவேரிப்பட்டணம்

பதில்: தாத்தா சொல்வது சரிதான் தம்பி. ஆனால் அவர்கள் மண் தூவியது, தங்கள் வாடை மிருகத்தின் பக்கம் போகிறதா என்று பார்க்கத்தான். கிட்டத்தில் நின்று சுட்டவர்களுக்குக் குண்டு விலகுமே என்ற கவலை கிடையாது. உனக்கு உண்டு. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் நேர் குறுக்கே அடிக்கும் காற்று, .22 குண்டை 50 மீட்டருக்குள் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் தள்ளிவிடும். இலக்கின் நடுவே இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். 100 மீட்டரில் விலகல் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும்.

போட்டி ரேஞ்சில், அதாவது சுடும் களத்தில், நீ சுடும் இடத்திலிருந்து 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் கொடி கட்டியிருப்பார்கள். பிள்ளைகள் இலக்குப் பக்கத்துக் கொடியையே பார்க்கிறார்கள். நீ முதலில் 10 மீட்டர் கொடியைப் பார். தொடக்கத்திலேயே பக்கவாட்டில் தள்ளப்பட்ட குண்டு, மிச்ச தூரம் முழுக்க அந்தச் சாய்வோடுதான் போகும். கொடி இல்லாத இடத்தில் புல்லைப் பார். பக்கத்தில் கேழ்வரகுக் கொல்லை இருந்தால் கதிரைப் பார். தென்னை உச்சியில் அடிக்கும் காற்று உன் குண்டு போகும் உயரத்தில் இருக்காது. அதிலும் நம் ஊர்ப் பாறைக் குன்றுகளைச் சுற்றி வரும் காற்று, ரேஞ்சின் இந்த முனையில் ஒரு பக்கமும் அந்த முனையில் வேறு பக்கமுமாக அடிக்கும்.

வெயில் நேரத்தில் கானலைப் போல, அதாவது சூட்டில் அலை அலையாக நெளியும் காற்றைப் போல, நல்ல துணை கிடையாது. டெலஸ்கோப்பை இலக்குக்குச் சற்று முன்னால் ஃபோகஸ் செய். அலை இடமிருந்து வலமாக ஓடினால் காற்றும் அப்படியே. நேராக மேலே கொதித்தால், காற்று நின்றிருக்கிறது, அல்லது நேர் எதிரிலோ பின்னாலோ வீசுகிறது. பெரும்பாலும் அது திசை மாறப்போகும் நேரம். விசையிலிருந்து விரலை எடுத்துவிடு.

துளை விழுந்த இலக்கு அட்டையையும் படி. வலமிருந்து காற்று அடித்தால் குண்டு இடப்பக்கம் போவதோடு சற்று மேலேயும் ஏறும்; இடமிருந்து அடித்தால் வலப்பக்கம் போய்க் கீழே இறங்கும். குழலின் உள்ளே சுருளாக ஓடும் வரிப்பள்ளம் குண்டை வலமாகச் சுழற்றுவதால் வருவது இது. துளைகள் கடிகாரத்தின் 10-க்கும் 4-க்கும் நடுவே சாய்ந்த கோடாக விழுந்திருந்தால் காற்றின் வேலை. நேர் மேலும் கீழுமாக இருந்தால் உன் மூச்சைக் கவனி.

அப்புறம், ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் சைட்டை, அதாவது குறிபார்க்கும் கருவியை, திருப்பாதே. அடிக்கடி திரும்பி வரும் ஒரு காற்றைத் தேர்ந்தெடுத்து, அதற்குச் சைட்டை வைத்துக்கொள். அது வரும்போது மட்டும் சுடு. 60 குண்டுக்கு 50 நிமிடம் தருகிறார்கள், காத்திருக்கலாம்.

கேள்வி: நிலக்கடலையைக் காட்டுப்பன்றி நாசம் செய்கிறது. உரிமத் துப்பாக்கி இருக்கிறது. தூரத்திலிருந்து சுடக் காற்றுக் கணக்கு சொல்வீர்களா?
- விவசாயி, பாலக்கோடு

பதில்: சொல்ல மாட்டேன் அண்ணா. உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் உரிமம் துப்பாக்கி வைத்திருக்கத்தான்; பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்காகிவிடும். சேதத்தைப் படம் எடுத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். தாமதிக்காமல் போங்கள், சேதம் கண்ணுக்குத் தெரியும்போதே அவர்கள் வந்து பார்க்க வேண்டும்.