கேளுங்க சொல்றோம்: ஜாடி லேபுக்கு போன பிறகு

கேள்வி: சந்தேக மரணம்னு நியூஸ் வந்தாலே கடைசில 'உள்ளுறுப்புகள் ரசாயன பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன'ன்னு போடறாங்களே, அங்க என்னதான் சார் பண்றாங்க?

பதில்: சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா அப்புறமா படிங்க. இரைப்பை, சிறுகுடல்ல கொஞ்சம், கல்லீரல், கிட்னி எல்லாம் ஜாடியில போட்டு, இனி கரையாதுங்கற அளவுக்கு உப்பு கரைச்ச தண்ணிய ஊத்தி சீல் வச்சு அனுப்புவாங்க. பிணத்த பதப்படுத்தற ஃபார்மலின் ஊத்திட்டா காரியம் கெட்டுச்சு, சதை இறுகி மருந்த பிரிச்செடுக்கறதே பெரும்பாடு. லேபுல கல்லீரல கூழா அரைப்பாங்க, ஆனா அத அப்படியே மெஷின்ல ஊத்த முடியாது, கொழுப்பும் புரதமும் அடைச்சிடும். அதனால அமிலம், காரம்னு மாத்தி மாத்தி ஒரு வேலை. நிக்கோட்டின் மாதிரி விஷம் அமிலத்துல தண்ணியோட ஒட்டிக்கிட்டு இருக்கும், காரம் சேர்த்து, தண்ணியோட கலக்காத ஈதர்ங்கற திரவத்த ஊத்தி குலுக்கினா தண்ணிய விட்டுட்டு ஈதர் பக்கம் தாவிடும். ஈதர் ஆவியா போச்சுன்னா அடியில விஷம் மட்டும்.

இந்த வழிய காட்டினவர் பெல்ஜியத்து வேதியியலாளர் ஸ்டாஸ். அங்க 1850ல பொகார்மேன்னு ஒரு பிரபு, சொத்துக்காக மச்சானுக்கு, புகையிலையில இருந்து தானே காய்ச்சின நிக்கோட்டின கொடுத்து கொன்னுட்டு, தடயம் தெரியக்கூடாதுன்னு வாயில வினிகர் வேற ஊத்தியிருக்கார். ஸ்டாஸ் பிரிச்செடுத்தப்போ மூக்க துளைக்கிற புகையிலை நெடி! அடுத்த வருஷமே பிரபு தலை போச்சு.

கேள்வி: ஹெராயின் உடம்புல உடனே மறைஞ்சிடுமாமே, அப்புறம் எப்படி பிடிக்கறது?

பதில்: நிஜம்தாங்க, சில நிமிஷத்துல 6-மோனோஅசிட்டைல்மார்ஃபினா மாறி அப்புறம் மார்ஃபினா ஆயிடும். வெறும் மார்ஃபின் மட்டும் கிடைச்சா ஆஸ்பத்திரில வலிக்கு போட்ட ஊசியாவும் இருக்கலாம், இருமல் மருந்துல இருக்கற கோடீன்ல இருந்தும் வரும். அந்த நடுவாந்திர ஆள், அதாவது 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின், சிக்கினாத்தான் ஹெராயின்னு அடிச்சு சொல்லலாம், அதுக்கு சிறுநீரும் கண்ணுக்குள்ள இருக்கற திரவமும் நல்ல இடம். இன்னொரு சிக்கல், கல்லீரல் மார்ஃபினோட குளுக்குரோனிக் அமிலத்த கோத்து விட்டுடும், அப்படி கோத்தது தண்ணிய விட்டு வரவே வராது. முதல்ல என்சைம் போட்டு வெட்டணும், மொத்த மார்ஃபின் கணக்கு அப்பத்தான் வரும்.

கேள்வி: ரத்தம் இதயத்துல எடுக்காம தொடையில ஏன் எடுக்கறாங்க?

பதில்: உயிர் போன பிறகும் மருந்து சும்மா இருக்காது, இதயத்துலயும் கல்லீரல்லயும் தேங்கினது பக்கத்து ரத்தத்துல கசியும். தொடை தள்ளி இருக்கறதால அங்க இந்த கசிவு கம்மி. இதய மாத்திரை டைகாக்சின எடுத்துக்கோங்க, டாக்டர் சொன்ன அளவே சாப்பிட்டுட்டு இருந்த பெரியவரா இருந்தாலும் இதய ரத்தத்த மட்டும் பார்த்தா ஓவர்டோஸ் மாதிரி தெரியும், வீட்டுல இருக்கறவங்க மேல வீண் சந்தேகம்.