செட் புதுசு, தொல்லை வயரில்: கார் ஸ்டீரியோ கேள்வி-பதில்

வெளியில் வாங்கிய ஆண்ட்ராய்டு செட் மாட்டினோம். சாவியை எடுத்தாலே கடிகாரம், எஃப்எம் ஸ்டேஷன் எல்லாம் அழிந்துவிடுகிறது. செட்டை மாற்றித் தரச் சொல்லலாமா?

அவசரப்படாதீர்கள், செட்டில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் இடம் மாறியிருக்கும். மஞ்சளுக்கு எந்நேரமும் 12 வோல்ட் வர வேண்டும்; செட்டின் நினைவகம் அதை நம்பித்தான் இருக்கிறது. சிவப்புக்கு, சாவியை ஏசிசிக்கு (இன்ஜின் ஓடாமலே ரேடியோ ஓடும் நிலை) திருப்பிய பிறகுதான் மின்சாரம் வர வேண்டும்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத பாடி இரும்பில் வைத்து, சாவி இல்லாமல் ஒருமுறை, ஏசிசியில் ஒருமுறை காரின் கப்ளரை (செட்டின் வயர்கள் வந்து சேரும் பிளக்) சோதியுங்கள். காரின் பக்கம் வரும் வயர்களின் நிறத்தை நம்பவே வேண்டாம். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில செட்டுகளில் மஞ்சள், சிவப்பு வயர்களின் நடுவே கழற்றி மாற்றிப் போட வசதியாக ஒரு இணைப்பு இருக்கும். அது இந்தச் சிக்கலுக்காகவே வைத்தது.

ஃபிட்டர் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிவிட்டார். இப்போது காரை நாலு நாள் நிறுத்தினால் பேட்டரி படுத்துவிடுகிறது.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கார் நின்ற பிறகும் செட் முழுதாக உறங்குவதில்லை. 300 மில்லி ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி போய்விடும். சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி நாலு நாளில் ஏறக்குறைய காலி. இரண்டு வயரையும் பிரித்து, சிவப்பை ஏசிசி லைனில் கொடுங்கள்.

அப்புறமும் சந்தேகம் இருந்தால், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணையுங்கள். கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போட்டதிலிருந்து ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ங்ஙீ' என்று சத்தம் ஏறுகிறது.

ஆல்டர்னேட்டர், அதாவது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர், தரும் இரைச்சல் அது. இன்ஜின் ஓடும்போது செட்டின் சத்தத்தைக் குறைத்து வைத்து ஆஃப் செய்யுங்கள். செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளை ஆம்பில் கழற்றி, மறுபடி ஆன் செய்து கேளுங்கள். இரைச்சல் நின்றால் கேபிள் வழியாக வருகிறது. நிற்காவிட்டால் ஆம்பின் எர்த் அல்லது பவர் லைனைப் பாருங்கள்.

நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் எர்த்தில்தான் கோளாறு. பெயின்ட் மேலேயே போல்ட் போட்டிருப்பார்கள். அந்த இடத்தைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு, குட்டையான தடித்த வயரால் எர்த் கொடுங்கள். பவர் கேபிள் ஒரு பக்கம் போனால் ஆர்சிஏ மறுபக்கம் போகட்டும். ஃபோனைச் சார்ஜில் போட்டு ஆக்ஸில் பாட்டுக் கேட்கும்போது மட்டும் இரைச்சல் என்றால், ஆக்ஸ் கேபிளின் நடுவே மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (எர்த் வழி வரும் இரைச்சலைத் தடுப்பது) ஒன்று போதும்.

நாலு ஸ்பீக்கரும் பாடுகின்றன, ஆனால் பேஸ் மட்டும் எடுபடவில்லை.

ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. வயரைச் செட்டிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் செல்லின் பிளஸ்ஸைப் பிளஸ் வயரிலும் மைனஸை மைனஸ் வயரிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரின் கோன் வெளியே தள்ளினால் சரி, உள்ளே போனால் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள்.

செட்டின் பின்னால் இருக்கும் பியூஸ் அடிக்கடி போகிறது. 30 ஆம்பியர் போட்டுக் கொடுத்தார்கள். பரவாயில்லையா?

இன்றே கழற்றிவிடுங்கள். அந்தச் சின்ன வயர் 30 ஆம்பியரைத் தாங்காது. பியூஸ் போகுமுன் வயர் எரியும். செட்டில் எழுதியுள்ள அளவையே, அதாவது பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர், போட வேண்டும். சில்வர் பேப்பர் சுற்றும் பழக்கம் இன்னும் ஆபத்து.

ஷார்ட் எங்கே என்று தேடுங்கள். கதவுக் கீல் அருகே நசுங்கிய ஸ்பீக்கர் வயர், வெயிலில் பசை உருகிக் கழன்ற இன்சுலேஷன் டேப், இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். ஸ்பீக்கர் மைனஸை யாராவது பாடியில் எர்த் செய்திருந்தால் உடனே பிரிக்கவும்; இன்றைய செட்டுகளில் அது ஆம்ப் ஐசியையே எரித்துவிடும். சரிசெய்த இணைப்புகளுக்கு டேப் வேண்டாம், சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள்.