சொந்தப் பெயரைச் சொல்லும்போது திக்குகிறது, என்ன செய்வது?

கேள்வி: வயது 28. சிறு வயதிலிருந்தே திக்குவாய். 'க'வில் தொடங்கும் என் பெயரையே போனில் சொல்ல முடியவில்லை. வீட்டில் பெண் பார்க்கிறார்கள், பயமாக இருக்கிறது. இன்டர்வியூவுக்கு முன் அல்பிரசோலம் (பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை) போட்டுக்கொள்கிறேன். நாக்கு ஆபரேஷன் பற்றி யூடியூபில் பார்த்தேன். போன மாதம் அப்பாவுக்கும் (59) திடீரென்று அரை மணி நேரம் பேச்சு திக்கிக் குழறி, தானாகச் சரியானது. இது பரம்பரை நோயா? - வாசகர், திருப்பூர்

பதில்: அப்பா விஷயத்தை முதலில் பார்ப்போம். உங்களுக்கு இருப்பதுபோன்ற திக்குவாய் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தொடங்குவது. 59 வயதில் திடீரென்று பேச்சு குழறினால், மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் தடைபட்டிருக்கக்கூடும். தானாகச் சரியானதால் விட்டுவிடாதீர்கள், பக்கவாதம் வருவதற்கு முன் இப்படி நடப்பதுண்டு. நாளைக்கே நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இசிஜி, மூளை ஸ்கேன், கழுத்து ரத்தக்குழாய் எல்லாம் பார்க்க வேண்டும். மறுபடி பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

சரி, இனி உங்களுக்கு. நாக்கு ஆபரேஷன் திக்குவாய்க்கு வைத்தியமே அல்ல, அந்த வீடியோவை மறந்துவிடுங்கள். அல்பிரசோலம் திக்கலைக் குணப்படுத்தாது. தூக்கக் கலக்கத்தையும், போகப்போக அடிமைத்தனத்தையும்தான் தரும். அதை யார் எழுதிக்கொடுத்தது? தினமும் சாப்பிட்டு வந்தால் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டுக் குறையுங்கள். திக்குவாய் குடும்பங்களில் தொடர்வது உண்மைதான். ஆனால் திக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது தானாகவே போய்விடும். அதற்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

பெயரில் மட்டும் ஏன் இவ்வளவு மாட்டிக்கொள்கிறீர்கள் தெரியுமா? மற்ற சொல் வராவிட்டால் வேறு சொல்லைப் போட்டுத் தப்பிக்கலாம், பெயரை அப்படி மாற்ற முடியாது. அந்தத் தப்பிக்கும் பழக்கம்தான் பயத்தை வளர்க்கிறது. எனவே சொல்லை மாற்றாதீர்கள். 'க' வருவதற்கு முன் மூச்சை அடக்காமல் லேசாக வெளியே விட்டபடி, பின்நாக்கு அண்ணத்தை மெல்லத் தொடும்படி ஆரம்பித்து, அடுத்து வரும் உயிரொலியைக் கொஞ்சம் இழுங்கள். அப்படியும் அடைத்துக்கொண்டால் முட்டித் தள்ளாதீர்கள். தள்ளத் தள்ள இறுகும். அப்படியே நிறுத்தி, தாடையையும் நாக்கையும் தளர்த்தி, மெதுவாக அந்தச் சொல்லிலிருந்து வழுக்கி வெளியே வாருங்கள். காலைத் தட்டுவது, கையைச் சொடுக்குவது எல்லாம் சில நாள்தான் கைகொடுக்கும், அப்புறம் அதுவும் ஒரு பழக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

பஸ் நேரம், கடை திறக்கும் நேரம் கேட்கிற சின்னச் சின்ன போன்களில் இதைப் பழகுங்கள். சிலவற்றில் வேண்டுமென்றே லேசாகத் திக்கிப் பாருங்கள், பயம் இறங்கும். இன்டர்வியூவிலும் பெண் வீட்டிலும் முதலிலேயே, "எனக்குக் கொஞ்சம் திக்கும், பொறுத்துக் கேளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். மறைக்க வேண்டிய பாரம் இறங்கினாலே பாதி இறுக்கம் போய்விடும்.

இதை ஸ்பீச் தெரபிஸ்டிடம் முறையாகக் கற்பது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். ஆனால் அப்பாவைக் காட்டிவிட்டுத்தான் அங்கே போக வேண்டும்.