அவுட்பேக் நெடும்பயணத்தில் வரும் பிறந்தநாள்: கேள்விகளும் பதில்களும்

அவுட்பேக் எனப்படும், மக்கள் குறைந்த ஆஸ்திரேலிய உள்நிலப் பகுதியை ஊடறுத்துச் செல்லும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை, தெற்கே போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே டார்வின் வரை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளமுடையது. பள்ளி விடுமுறையில் இந்த வழியாகவோ தெற்கே பெர்த் நோக்கிச் செல்லும் நல்லார்பர் சமவெளி வழியாகவோ குடும்பத்துடன் பயணம் செய்பவர்களில் யாருக்கேனும் பிறந்தநாள் இடையில் வந்துவிடுவது இயல்பு. அதை எப்படிக் கொண்டாடுவது என்று வந்த கேள்விகளுக்கு, இந்தச் சாலைகளில் நெடுங்காலமாகச் சென்று வருபவன் என்ற முறையில் இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி (மெல்பர்னிலிருந்து ஒரு தாய்): ஜூலை விடுமுறையில் தங்கும் வசதியுள்ள வாடகை கேம்பர்வேனில் உலூரு என்னும் பெரும்பாறைக்குச் செல்கிறோம். எங்கள் மகனுக்கு எட்டு வயது நிறையும் நாளன்று கூபர் பீடியிலிருந்து, உலூருவுக்கு அருகே தங்கும் ஊரான யுலாரா வரை ஓட்டுவதாகத் திட்டம். மாலையில் போய்ச் சேர்ந்ததும் கேக் வெட்டலாம் என்று நினைக்கிறோம். சரிப்படுமா?

பதில்: இந்தத் திட்டத்தை மாற்றுங்கள் என்றே உறுதியாகச் சொல்வேன். கூபர் பீடியிலிருந்து எர்ல்டண்டா சந்திப்பு வரை சுமார் 490 கிலோமீட்டர். அங்கிருந்து மேற்கே திரும்பி லாசிட்டர் நெடுஞ்சாலையில் யுலாரா வரை இன்னும் சுமார் 245 கிலோமீட்டர். எரிபொருள் நிரப்பவும் உணவுக்கும் நிற்கும் நேரத்தைச் சேர்த்தால் விடிந்தது முதல் பொழுது சாயும் வரை குழந்தை இருக்கையில் கட்டுண்டே கிடப்பான். ஜூலையில் அங்கே ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். அந்திப் பொழுதில்தான் கங்காருக்கள் மேய்ச்சலுக்குச் சாலையோரம் வரும். வேலியில்லாத மேய்ச்சல் நிலங்களிலிருந்து மாடுகளும் குறுக்கே வந்து நிற்கும். ஊர் எல்லைக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருக்கும். உங்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். கேக் காத்திருக்கிறது என்பதற்காக வண்டியை விரட்டும் நிலை வரவே கூடாது.

பிறந்தநாளன்று வண்டியை எடுக்காமல் இருப்பதே நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் விதி. உங்களுக்கு வழி எளிது: கூபர் பீடியில் இரண்டு இரவு தங்குங்கள். 1915-ஆம் ஆண்டில் ஓபல் என்னும் மணிக்கல் கண்டெடுக்கப்பட்டதால் உருவான ஊர் அது. கோடை வெப்பத்துக்கு அஞ்சி மக்கள் மணற்பாறையைக் குடைந்து வீடுகளையும் தேவாலயங்களையும் அமைத்திருக்கிறார்கள். வெளியே பகலில் காய்ந்தாலும் இரவில் நடுங்கினாலும் உள்ளே ஆண்டு முழுவதும் இதமாகவே இருக்கும். கேம்பர்வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, அந்த ஓர் இரவு மட்டும் நிலத்தடி விடுதியில் அறை எடுத்தால், பாறைச் சுவரில் தோண்டும் இயந்திரத்தின் பல் பதிந்த வரிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே உங்கள் மகன் தூங்கலாம்.

பகலில் பொதுமக்கள் ஓபல் தேடுவதற்கென்றே ஊருக்குள் விடப்பட்டிருக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சுரங்கத்திலிருந்து கொட்டப்பட்ட வெளிறிய மண்குவியல்களைக் கையால் கிளறி, கிடைக்கும் சில்லுகளைத் தண்ணீர் தெளித்து வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை நிறமற்ற கற்களாகவே இருக்கும். எப்போதாவது ஒன்றில் பச்சையோ நீலமோ பளிச்சிடும். எட்டு வயதுக் குழந்தைக்கு அதைவிடப் பெரிய விளையாட்டு இல்லை. ஆனால் ஊரைச் சுற்றியுள்ள சுரங்க வெளிகளில் மூடப்படாத ஆழ்குழிகள் எண்ணற்றவை. எச்சரிக்கைப் பலகைகளைக் கடந்து ஓர் அடிகூட வைக்க வேண்டாம். படம் எடுப்பதற்காகப் பின்னோக்கி நடக்கவும் வேண்டாம்.

கேள்வி (அடிலெய்டிலிருந்து ஒரு வாசகி): கேக்கை வீட்டிலிருந்தே கொண்டுபோவதா, வழியில் வாங்குவதா? கிரீம் கேக் தாங்குமா?

பதில்: கிரீம் கேக் தாங்காது. தார்ச் சாலையில் செல்லும் வரை பெரிய சிக்கல் இல்லை. மண் சாலையில் இறங்கியதும் அலை அலையாக மேடுபள்ளம் விழுந்த தரை வண்டியை இடைவிடாமல் அதிர வைக்கும். குளிர்பெட்டிக்குள் இருக்கும் தயிர்க் கிண்ணத்தின் மூடியே கழன்றுகொள்ளும்போது மூன்று அடுக்குக் கேக் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மேல் செம்மண் தூசி வேறு. கதவுகளின் ரப்பர் விளிம்பு வழியாகவும் பின்கதவின் இடுக்கு வழியாகவும் மாவு போல உள்ளே புகுந்து, மூடிய பெட்டிக்குள்ளும் படிந்துவிடும்.

உலர்பழங்களை வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து வேகவைத்துச் செய்யும் பழக் கேக்கே நெடும்பயணத்துக்கு ஏற்றது. அதை வெண்ணெய்த் தாளில் சுற்றி, மேலே தகடுத் தாள் சுற்றி, இறுக்கமான டப்பாவில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் கெடாமல் இருக்கும், அதிர்விலும் உடையாது. மேலலங்காரத்தைப் போய்ச் சேர்ந்த இடத்தில் செய்துகொள்ளலாம். வாங்குவதென்றால் போர்ட் அகஸ்டா, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கேத்தரின் போன்ற ஊர்களில் பெரிய அங்காடிகள் உள்ளன. இடையிலுள்ள ரோட்ஹவுஸ்களில் எரிபொருளும் சூடான உணவும் கிடைக்கும் என்பதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் சில நாள்களுக்கு முன்பே தொலைபேசியில் அழைத்து, குழந்தையின் பிறந்தநாள் என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வெகுதொலைவில் வேலை செய்யும் அந்த மனிதர்கள் ஒரு தட்டுப் பான்கேக்கையாவது அடுக்கி மெழுகுவத்தி குத்திக் கொண்டுவருவதை நான் கண்டிருக்கிறேன்.

என்னைக் கேட்டால், கேக்கோடு சேர்த்து ஒரு பாயசமும் வையுங்கள் என்பேன். வறுத்த சேமியா, பால்மாவு, சர்க்கரை, முந்திரி, ஏலக்காய் எல்லாம் உலர்பொருள்கள். எந்த வெயிலிலும் கெடாதவை. ஒற்றை காஸ் அடுப்பும் ஒரு பாத்திரமும் போதும், அரை மணி நேரத்தில் ஆகிவிடும். பக்கத்துக் கூடாரத்தாருக்கும் ஒரு குவளை கொடுங்கள். இரண்டு நாள்களாக வேறு குழந்தையையே காணாத உங்கள் பிள்ளைக்கு அன்று மாலை விருந்தாளிகள் கிடைப்பார்கள்.

கேள்வி (பிரிஸ்பேனிலிருந்து ஒரு தந்தை): முகாமில் தீ மூட்டி, அதைச் சுற்றி அமர்ந்து கொண்டாட ஆசை. அனுமதி உண்டா?

பதில்: இடத்தையும் நாளையும் பொறுத்தது. முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்ட நாளில் வெட்டவெளியில் எந்தத் தீயும் மூட்டக் கூடாது; அன்று திறந்தவெளியில் கேக்கின் மேல் மெழுகுவத்தி ஏற்றுவதையும் தவிர்த்து, பாட்டரி விளக்குகளை வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலையில் அந்தந்த மாநிலத் தீயணைப்புத் துறையின் அறிவிப்பைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தடை இல்லாத நாளிலும் தேசியப் பூங்காக்களில் அமைத்துக் கொடுத்த குழிகளில் மட்டுமே மூட்ட வேண்டும். பூங்காவுக்குள் விறகு பொறுக்கக் கூடாது. பட்டுப்போய் விழுந்த கட்டைகளுக்குள்தான் பல்லிகளும் சிறு பிராணிகளும் குடியிருக்கின்றன.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. கொண்டாட்டம் முடிந்ததும் கங்குகளின் மேல் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் படுக்கப் போவார்கள். மணல் தீயை மறைக்குமே தவிர வெப்பத்தை அணைக்காது. மேலே பார்த்தால் வெறும் தரை. உள்ளே பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். மறுநாள் காலையில் வெறுங்காலுடன் ஓடிவரும் குழந்தை அதில்தான் மிதிக்கும். ஆகவே தண்ணீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, சீறல் முழுவதும் நின்று தொட்டால் குளிர்ந்திருக்கிறது என்று உறுதியான பிறகே விலகுங்கள். தீயை அணைப்பதற்கான தண்ணீரைக் குடிநீர்க் கணக்கில் சேர்க்காமல் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பலூன், வண்ணத்தாள் தூவல், டிரோன் படம் இவையெல்லாம்?

பதில்: வண்டிக்குள் பலூன் கட்டிவிட்டு, பிறகு கிழித்துக் குப்பைப் பையில் போடுங்கள். வெளியே பறக்கவிடுவது பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம். பறவைகளும் விலங்குகளும் அதை இரையென்று விழுங்கிச் சாகின்றன. வண்ணத்தாளை முள்புதர்களிலிருந்து ஒருவராலும் பொறுக்கி எடுக்க முடியாது. உலூரு-காட்டா ஜூட்டா பூங்காவில் அனுமதியின்றி டிரோன் பறக்கவிடக் கூடாது.

கேள்வி (சிட்னியிலிருந்து ஒரு மகன்): தந்தைக்கு எழுபது வயது நிறைகிறது. உலூருவின் அடிவாரத்தில் சூரியோதயத்தின்போது சிறிய விழாவாகக் கொண்டாட நினைக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி உண்டு.

பதில்: உங்கள் எண்ணம் நல்லது, இடத்தை மட்டும் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். உலூரு அப்பகுதியின் பழங்குடிகளான அனங்கு மக்களின் புனித நிலம். 1985-இல் அந்த நிலத்தின் உரிமை அவர்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டபடி 2019 அக்டோபர் 26 முதல் பாறையின் மீது ஏறுவதும் நிறுத்தப்பட்டது. அடிவாரத்தில் சில பகுதிகளைப் படம் எடுக்கக் கூடாது என்று பலகை இருக்கும். கோயில் பிராகாரத்தில் நாம் கேக் வெட்டிக் கைதட்ட மாட்டோம் அல்லவா? அந்த உணர்வோடு நடந்துகொண்டால் போதும்.

காலையில் தந்தையைப் பண்பாட்டு மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பிறகு முத்திஜுலு நீர்நிலைக்குச் செல்லும் குனியா பாதையில் நடக்கலாம். போய்வர ஒரு கிலோமீட்டர்தான், சமதரை. பாறையின் நிழலில் தேங்கி நிற்கும் நீரின் அருகே ஓர் இருக்கையில் அவரை அமரவைத்து, அவசரப்படுத்தாமல் இருங்கள். அடிவாரத்தை முழுமையாகச் சுற்றும் 10.6 கிலோமீட்டர் நடையை இளையவர்கள் மட்டும் மேற்கொள்ளட்டும். மாலையில் வண்டிகள் நிற்கும் சூரியாஸ்தமனக் காட்சியிடத்துக்கு முன்கூட்டியே சென்று, மடக்கு நாற்காலியைப் போட்டுக் கொடுங்கள். 348 மீட்டர் உயரப் பாறை செம்மஞ்சளிலிருந்து அடர்சிவப்பாகி, பின் சாம்பல் ஊதாவாக மாறுவதை அவர் அமர்ந்தபடியே காணலாம். கேக்கும் உறவினர் வாழ்த்தும் யுலாரா விடுதியில் இரவு உணவின்போது இருக்கட்டும். குளிர்கால இரவில் வெப்பநிலை பூச்சியம் பாகையை நெருங்கும்; கம்பளித் தொப்பியும் தடித்த மேலங்கியும் கட்டாயம்.

கேள்வி (பெர்த் நோக்கிச் செல்லும் ஒருவர்): அடிலெய்டிலிருந்து நல்லார்பர் வழியாகப் பயணம். மனைவியின் நாற்பதாவது பிறந்தநாளுக்குப் பழக்கூடையும் பூங்கொத்தும் எடுத்துச் செல்லலாமா?

பதில்: வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் எல்லைச் சோதனையில் புதிய பழங்களையும் காய்கறிகளையும் தேனையும் பறிமுதல் செய்துவிடுவார்கள். பூக்களும் செடிகளும் சோதனைக்கு உட்பட்டவையே. எதிர்த் திசையில் வருபவர்களுக்கு சேடுனாவில் இதே சோதனை உண்டு. பழங்களை எல்லைக்கு முன்பே சாப்பிட்டு முடிக்கும்படி நாளை அமையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பயணமென்றால் எல்லைக்குக் கிழக்கே உள்ள ஹெட் ஆஃப் பைட் என்ற கடலோரக் காட்சியிடத்தில் அன்றைய காலைப் பொழுதைக் கழியுங்கள். தென்கடல் திமிங்கிலங்கள் குட்டியோடு பாறைச்சரிவின் அடியில் மெல்ல மிதப்பதை மரப்பாலத்தில் நின்று பார்க்கலாம். நான் அறிந்தவரை அந்த நெடுஞ்சாலையில் ஒரு பிறந்தநாளுக்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை. பாலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே ஒரு வளைவும் இல்லாத 146.6 கிலோமீட்டர் சாலையை மறுநாளுக்கோ அதற்கு அடுத்த நாளுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: யூக்லாவை ஒட்டிய ஊர்கள் பெர்த்தைவிட 45 நிமிடம் முன்னே செல்லும் தனிக் கடிகாரத்தைப் பின்பற்றுகின்றன. இரவு உணவுக்கு மேசை பதிவு செய்தால் எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (டார்வினிலிருந்து ஒரு மகள்): பிறந்தநாளன்று யாழ்ப்பாணத்திலிருக்கும் அம்மம்மாவுடன் வீடியோவில் பேச வேண்டும். வழியில் இணைப்புக் கிடைக்குமா?

பதில்: ஊர்களிலும் சில ரோட்ஹவுஸ்களின் அருகிலும் மட்டுமே கிடைக்கும்; இடையே பல மணி நேரம் ஒன்றும் இராது. அவுட்பேக்கில் டெல்ஸ்ட்ரா என்ற தொலைபேசி நிறுவனத்தின் பரப்பே அதிகம். டார்வின் இருக்கும் வடக்கு மண்டலம் இலங்கையைவிட நான்கு மணி நேரம் முன்னால் இருப்பதால், இங்கே காலை பதினொரு மணிக்கு அங்கே ஏழு மணி. அம்மம்மாவிடம் இன்ன ஊரிலிருந்து இந்த நேரத்துக்கு அழைப்போம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அழைப்பு வராவிட்டால் கலங்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உள்நாட்டு நண்பர்களை அழைக்க, டெல்ஸ்ட்ராவின் பொதுத் தொலைபேசிகள் 2021 முதல் கட்டணமில்லாமல் இயங்குகின்றன.

கேள்வி: எங்கள் மகளின் பிறந்தநாள் ஜனவரியில். அப்போது போகலாமா?

பதில்: சிறு குழந்தையோடு என்றால் போகாதீர்கள். ஜனவரி அங்கே கோடை; நடுப்பகுதியில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டும். வடக்கே மழைக்காலத்தில் சாலைகள் வெள்ளத்தில் மூடப்படும். ஜூலையில் போய், அங்கே ஒரு நாளை அவளுக்கென்று ஒதுக்குங்கள்.

கேள்வி (கான்பெராவிலிருந்து ஒரு தாத்தா): கொண்டாட்ட நாளில் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? பேரக் குழந்தைகள் உடன் வருகிறார்கள்.

பதில்: ஐயா, வண்டியை விட்டு விலகாதீர்கள், இதுவே முதலும் கடைசியுமான அறிவுரை. தேடுபவர்களின் கண்ணில் மனிதரைவிட வண்டிதான் முதலில் படும், நிழலும் தரும். வண்டியைச் சாலையிலிருந்து நன்றாக ஒதுக்குங்கள். பல இழுவைப் பெட்டிகள் கோத்த, ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமுள்ள ரோட் டிரெயின் லாரிகள் வரும் பாதை அது. அவற்றால் சட்டென்று நிற்க முடியாது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல் குடிநீரை ஒரே கலத்தில் இல்லாமல் பல கலங்களில் வைத்திருங்கள். யுஎச்எஃப் எனப்படும் இருவழிப் பேச்சு வானொலியில் 40-ஆம் அலைவரிசையில் லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொள்வார்கள், உதவி கேட்கலாம். அவசர எண் 000. கைபேசி இணைப்பு இல்லாத தொலைவுக்குப் போகிறீர்கள் என்றால் செயற்கைக்கோள் வழி இயங்கும் அவசரக் குறிப்பான் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் செல்லுங்கள். கேக்கும் பாயசப் பொருள்களும் வண்டிக்குள்ளேயே இருக்கும்; உதவி வரும்வரை பேரப்பிள்ளைகளை நிழலில் அமர்த்தி, அங்கேயே கேக்கை வெட்டுங்கள்.