கட்டத்துக்குள் அடங்காத எம்மா

கேள்வி: பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’ நாவலைக் கிராஃபிக் நாவலாக்குகிறோம். எழுத்து நான், ஓவியம் நண்பர். முதல் அத்தியாயத்துக்கே 30 பக்கம் ஓடிவிட்டது. பக்கம் முழுக்க எழுத்துதான். எங்கே தவறு?

பதில்: வரிசையாக எழுதிக்கொண்டு போனதுதான். நாவலில் 35 அத்தியாயங்கள். இதே வேகத்தில் போனால் ஆயிரம் பக்கம் தாண்டும். முதலில் மொத்தப் பக்கத்தை முடிவு செய்யுங்கள். 140 என்றால் அத்தியாயத்துக்குச் சராசரியாக 4 பக்கம். பிறகு தாராளமாக ஏற்றத்தாழ்வு காட்டுங்கள். நாயகி எம்மாவின் கான்வென்ட் நாட்களுக்கு 1 பக்கம் போதும். விவசாயக் கண்காட்சிக்கு (2ஆம் பாகம், 8ஆம் அத்தியாயம்) 10 பக்கம் கொடுத்தாலும் தகும்.

அது ஃப்ளோபேரே கட்டம் பிரித்து வைத்த காட்சி. நகர மன்ற மாடியில் ரொடோல்ஃப் எம்மாவிடம் காதல் பேசுகிறான், கீழே மைதானத்தில் பரிசு அறிவிப்பு. ‘போய்விட நினைத்தேன், உங்கள் பின்னாலேயே வந்துவிட்டேன்’ என்று அவன் உருகும்போது கீழிருந்து ‘எரு!’ என்று குரல் வருகிறது. மாடியை மேல் வரிசையிலும் மைதானத்தைக் கீழ் வரிசையிலும் வையுங்கள். பக்கத்துக்கு 4 கட்டத்தில் தொடங்கி, பேச்சு மாறி மாறி வெட்டும் வேகத்துக்கேற்ப 12 வரை நெருக்குங்கள். சிரிப்பு தானே வரும். விளக்கப் பெட்டி எதுவும் வேண்டாம்.

எழுத்து மண்டுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. சில வாக்கியங்கள் ஆசிரியர் சொல்வதா, எம்மா நினைப்பதா என்றே தெரியாது. பெட்டியில் போட்டால் ஆசிரியர் தீர்ப்பாகிவிடும், எண்ணக் குமிழியில் போட்டால் எம்மாவின் வாக்குமூலமாகிவிடும். அவள் பார்வையிலேயே பொருளை வரைந்துவிட்டு வாக்கியத்தை விட்டுவிடுவது நல்லது. விட மனமில்லையென்றால் கட்டமில்லாமல் படத்தின் மேலேயே எழுதுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். ஒரு குமிழிக்கு 15 சொல்லைத் தாண்டாதீர்கள்.

வண்ணம் தீட்டுபவருக்கு ஒரு எச்சரிக்கை: எம்மாவின் கண்கள் ஓரிடத்தில் பழுப்பு, ஆனால் கறுப்பாகத் தெரிபவை, வேறிடத்தில் நிழலில் கறுப்பு, வெளிச்சத்தில் கருநீலம். ஒரே நிறத்தைப் பிடித்துக்கொள்ளாமல் காட்சியின் வெளிச்சத்தைப் பார்த்து மாற்றுங்கள். (தான் உயிரோடிருக்கும்வரை தன் எழுத்துக்குப் படம் போடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர் ஃப்ளோபேர்!)

கேள்வி: 1857இல் நூலான நாவல்தானே, அனுமதி வேண்டுமா?

பதில்: மூலத்துக்கு வேண்டாம், ஃப்ளோபேர் 1880இலேயே இறந்துவிட்டார். ஆனால் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. அண்மைக்கால மொழிபெயர்ப்பிலிருந்து வசனம் எடுத்தால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிரெஞ்சு தெரியாதென்றால், எலினார் மார்க்ஸ் 1886இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை ஆதாரமாக வைத்து வசனத்தை நீங்களே எழுதலாம்; அதன் உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது.