டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள்

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் இருக்கிறேன். 2021-இல் வாங்கிய டீசல் எஸ்யூவி. வேலை மாரத்தஹள்ளியில், தினமும் போக வர 20 கி.மீ.கூட வராது. கடைசி சர்வீஸ் முடிந்து 11 மாதம் ஆகிறது, 6,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. மேனுவலில் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்று போட்டிருக்கிறது. இன்னும் 4,000 பாக்கி இருக்கும்போது ஆயில் மாற்ற வேண்டுமா? தெரிந்த மெக்கானிக் ஒருவர் 15டபிள்யூ-40 என்ற ஆயிலை ஊற்றினால் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் என்கிறார். ஆயில் குறையவும் இல்லை. அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே நிற்கிறது.

பதில்: கடைசி வரியை ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த வரிதான்.

ஆயில் குட்டி போடாது. ஊற்றிய அளவைவிட ஏறியிருந்தால் வேறு ஏதோ உள்ளே கலக்கிறது என்று அர்த்தம். சர்வீஸ் செய்தவரே அரை லிட்டர் கூடுதலாக ஊற்றியிருக்கலாம், அது நடக்கிற தப்புதான். ஆனால் உங்கள் ஓட்டத்தைப் பார்த்தால் கலந்திருப்பது டீசல் என்றே தோன்றுகிறது.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்த பிறகு விற்கும் டீசல் எஸ்யூவிகளில் புகைக்குழாய் வழியில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கும். புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறையச் சேர்ந்ததும் வண்டி தானாகவே அதை எரிக்கப் பார்க்கும். அதற்குச் சூடு வேண்டும். சூட்டுக்காக இன்ஜின் கொஞ்சம் டீசலை நேரம் தாழ்த்திப் பீய்ச்சும். ஒரே சீரான வேகத்தில் இருபது நிமிடம் போல ஓடினால் வேலை சுத்தமாக முடிந்துவிடும். நீங்கள் டின் ஃபேக்டரி நெரிசலில் நின்று, மகாதேவபுராவில் நின்று, அது பாதி எரியும்போது ஆபீஸ் பேஸ்மென்டில் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஆயிலோடு சேர்ந்துவிடும். அடுத்த நாளும் அதே கதை.

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது, சமதரையில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். டிப்ஸ்டிக்கைத் துடைத்து, முழுக்க இறக்கி, மறுபடி எடுங்கள். இரண்டு விரலில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்து மோந்து பாருங்கள். பங்க் வாசனை அடித்து, விரலில் வழவழப்பு நிற்காமல் தண்ணீர் மாதிரி ஓடினால் சந்தேகமே வேண்டாம், உடனே மாற்றுங்கள். மீதி 4,000 கி.மீ.யை மறந்துவிடுங்கள். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் தண்டு அந்த ஆயில் படலத்தின் மேல்தான் சுற்றுகிறது. படலம் நீர்த்தால் முதலில் அடிவாங்குவது அதுதான். மேல் கோட்டைத் தாண்டி விரலகலம் நின்றால் வண்டியை ஓட்டியே போகாதீர்கள். டீசல் இன்ஜின் தன் ஆயிலையே குடித்து, சாவியை எடுத்தாலும் நிற்காமல் ஓடுவது கட்டுக்கதை இல்லை.

(ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். டீசலில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். காபி கலரில் நுரைத்திருந்தால் மட்டும் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்திருக்கலாம். அது வேறு நோய். டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.)

வண்டி ஒழுங்காக இருந்தாலும் பெங்களூரில் கிலோமீட்டர் கணக்கு பாதிப் பொய். சிக்னல் நேரத்தையும் சேர்த்து மணிக்குச் சராசரி 12 கி.மீ. என்று வையுங்கள், 6,000 கி.மீ.க்கு இன்ஜின் 500 மணி நேரம் ஓடியிருக்கிறது. நெடுஞ்சாலையில் 60-இல் போகிறவர் அதே நேரத்தில் 30,000 கி.மீ. போயிருப்பார். அதனால் மேனுவலில் ‘அல்லது’ என்பதற்குப் பின்னால் இருக்கிற ஒரு வருடம்தான் உங்களுக்கான கணக்கு. கடினமான ஓட்டத்துக்கு இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்லி அதே புத்தகத்தில் ஒரு குறிப்பும் இருக்கும், பொடி எழுத்தில். படித்துக் காட்டிய சேல்ஸ்மேனை நான் இன்னும் பார்த்ததில்லை.

சரி, எந்த ஆயில்? மெக்கானிக் சொன்ன 15டபிள்யூ-40 பழைய வண்டிகளுக்கு நல்ல ஆயில்தான், உங்களுக்கு வேண்டாம். முதல் எண் குளிரில் எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்பதையும், இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பதையும் சொல்கிறது. அதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, மேனுவலில் இருக்கும். பலரும் கோட்டை விடுவது அடுத்த விஷயத்தில்தான். கேனில் 5டபிள்யூ-30 என்று பெரிதாகப் போட்டிருந்தால் போதும் என்று வாங்கிவிடுகிறார்கள். பெட்ரோல் காருக்கான ஆயிலிலும் அதே எண் உண்டு. கேனின் பின்பக்கம் திருப்பி ஏசிஇஏ (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கம்) தரக் குறியீடான சி2, சி3 போன்ற எழுத்துகளைத் தேடுங்கள். உங்கள் மேனுவல் கேட்கிற எழுத்தே இருக்க வேண்டும். சி2, சி3 வகை ஆயில்களில் எரிந்தபின் மிஞ்சும் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கரியை டிபிஎஃப் எரித்துவிடும், ஆயிலின் சாம்பலை எரிக்க முடியாது. அது அங்கேயே படிந்து அடைக்கும். பிறகு புது டிபிஎஃப் விலையைக் கேட்கும்போது இந்த இரண்டாயிரம் ஞாபகம் வரும்.

கேன் உண்மையானதா என்பது அடுத்த தலைவலி. வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் தலைமுறையாக நேர்மையாக வியாபாரம் செய்கிற கடைகளும் உண்டு, ‘பில் வேண்டாம்னா விலை குறையும் சார்’ என்கிற கடைகளும் உண்டு. பில் இல்லாத ஆயில் எனக்கு ஆயிலே இல்லை. போலிக்காரனுக்குத் தேவை நல்ல நிலையில் இருக்கும் காலி கேன். அது பழைய பேப்பர்காரரிடம் சுலபமாகக் கிடைக்கிறது. அதனால் உங்கள் கண்முன் சீலை உடைத்து ஊற்றச் சொல்லுங்கள், காலி கேனை ஸ்க்ரூடிரைவரால் நாலு இடத்தில் குத்திவிட்டு வாருங்கள். மெக்கானிக் முறைத்தால் முறைக்கட்டும்.

சர்வீஸ் சென்டரில் வேறு வித்தை. அங்கே ஆயில் பீப்பாயிலிருந்து குழாய் வழியாக வரும், பில்லில் மட்டும் லிட்டர் தெரியும். என் மனைவியின் வண்டிக்கே ஒருமுறை ஆறரை லிட்டர் என்று பில் போட்டிருந்தார்கள். மேனுவல்படி ஃபில்டரோடு சேர்த்து ஐந்தே கால். கேட்டதும் ‘சிஸ்டம் அப்படித்தான் எடுக்கும் சார்’ என்றார் அட்வைசர். எந்தச் சிஸ்டம்? கடைசியில் பேனாவால் அடித்துக் கொடுத்தார்கள். இன்ஜின் ஃபிளஷ், ஆயிலில் கலக்கும் குட்டி பாட்டில், இன்ஜின் கோட்டிங் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: வேண்டாம். அழுக்கேறிய இன்ஜினில் ஃபிளஷ் ஊற்றினால், கிளம்பும் கசடு ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கவும் வாய்ப்பு உண்டு. ஃபில்டரும், ஆயிலை வடிக்கும் டிரெயின் நட்டின் வாஷரும் புதிதாகப் போட்டார்களா என்று மட்டும் கேளுங்கள். பத்து இருபது ரூபாய் வாஷரை மிச்சம் பிடித்துவிட்டு, ஒழுகினால் நட்டை இன்னும் இறுக்கி மரையைக் கெடுப்பார்கள்.

வெளியே மாற்றினால் வாரன்டி போய்விடும் என்று மிரட்டுவார்கள். வெளியே போகவிடாத இந்த வித்தை பழசு. தனியார் கராஜ்களுக்கு உதிரிபாகம் தராமல் சந்தையை அடைத்து வைத்ததற்காகப் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது 2014-இல். அப்புறம் மேல்முறையீடு, கோர்ட் என்று அது ஓடிக்கொண்டிருந்தது. கவுன்டரில் பேச்சு மட்டும் மாறவில்லை. வெளியே மாற்றினால் ஆயில் பெயர், கிரேடு, ஃபில்டர் நம்பர் எழுதிய பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

ஆயில் மாற்றிய பிறகு வாரம் ஒரு காலை ஏழு மணிக்கு முன்பே கிளம்பி, அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வரை 60, 70-இல் நிற்காமல் போய் வாருங்கள். டிபிஎஃப்புக்கு அதைவிட மருந்து இல்லை. மாற்றிய அன்றே டிப்ஸ்டிக்கைப் போனில் படம் எடுத்து வையுங்கள், ஆயிரம் கி.மீ. கழித்து இன்னொரு படம். மறுபடி ஏறியிருந்தால் இரண்டையும் சர்வீஸ் சென்டரில் காட்டி, கடைசி முறை டிபிஎஃப்பில் கரி எப்போது முழுதாக எரிந்தது என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். ‘எல்லா வண்டிக்கும் இப்படித்தான்’ என்பார்கள். அதையே வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.