குளிர் ஊரிலும் மாட்டுக்கு வெயில் தாக்கும்

பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "ஃபிரீசியன் கலப்புப் பசு. 12 லீற்றர் கறந்தது, மார்ச் பிறந்ததிலிருந்து 8 லீற்றர்தான். மத்தியானம் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, புல்லை முகர்ந்துவிட்டு ஒதுங்குகிறது. மலைநாட்டிலும் மாட்டுக்கு வெயில் தாக்குமா, இல்லை காய்ச்சலா? தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனால் மாலையில்தான் திரும்புவேன்."

தாக்கும். ஃபிரீசியன் குளிர்நாட்டு இனம். 25 பாகையைத் தாண்டினாலே அதற்குச் சிரமம்தான். காற்றில் ஈரம் கூடினால் அதற்கும் முன்பே. தின்ற புல் வயிற்றில் நொதிக்கும்போதும் சூடு பிறக்கும். அதனால் மாடு தானாகவே தீனியைக் குறைக்கிறது, பாலும் இறங்குகிறது.

லயன் வீடுகள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கத்துக் கொட்டில்களைக் குளிருக்கும் மழைக்கும் பயந்துதான் கட்டுகிறோம்: தாழ்ந்த தகரக் கூரை, சுற்றிலும் உரச்சாக்கு. மத்தியானம் அந்தத் தகரத்துக்கடியில் கையை நீட்டினாலே அனல் தெரியும். வேலைக்குப் போகுமுன் எதிரெதிர்ப் பக்கச் சாக்குகளைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். இரவில் காற்று அடிக்கும் பக்கத்தை மட்டும் இறக்கினால் போதும். கூரைமேல் மானாப்புல்லைக் கனமாகப் பரப்பிக் கட்டுங்கள்.

ஆனால் எனக்குப் பெரிய சந்தேகம் தண்ணீரில்தான். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்பதுதான் பல வீடுகளில் வழக்கம். பாலில் 87 வீதம் தண்ணீர். இந்த அளவு கறக்கும் பசு வெயில் நாளில் 60 லீற்றருக்கு மேலும் குடிக்கும். பகலெல்லாம் தாகத்தோடு நிற்கும் மாட்டிடம் பாலை எப்படி எதிர்பார்ப்பது? பீப்பாயைப் பாதியாக வெட்டி, நிழலில், மாட்டுக்கு எட்டும் இடத்தில் பீலித் தண்ணீரை (மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீரை) நிரப்பி வைத்துவிட்டுப் போங்கள்.

புல்லில் பெரும்பங்கை மாலை 5 மணிக்கு மேல் போடுங்கள், மீதியை விடியுமுன். இரவுக் குளிரில் நன்றாகத் தின்னும். நக்குவதற்கு உப்புக்கட்டி வையுங்கள். மாட்டின்மேல் தண்ணீர் ஊற்றலாம், ஆனால் தோல்வரை நனைய, காற்றோட்டமான இடத்தில். அடைத்த கொட்டிலுக்குள் ஊற்றினால் புழுக்கம்தான் கூடும்.

சரி, காய்ச்சலா என்று எப்படி அறிவது? விலாப் பக்கம் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். மத்தியானம் 60ஐத் தாண்டி, விடியலில் இயல்பாகிவிட்டால் பெரும்பாலும் வெயில்தான். விடியலில் ஆசனவாயில் வெப்பமானி வைத்தும் பாருங்கள். 38.5 பாகை அளவில் இருந்தால் பயமில்லை. அந்தக் குளிரிலும் 39.5ஐத் தாண்டினால், அல்லது சிறுநீர் சிவந்து போனால், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.